துபாசியின் நாட்குறிப்பு

துபாசி என்றால் இரு மொழி அறிந்தவர். அச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்த அவர், ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியானார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டையை 1750-இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றியபோதும் அப்பதவியில் இருந்தவர் அவரே.

அவர் வணிகரும்கூட. தாம் மொழிபெயர்த்த பேச்சில் தமக்கும் இலாபம் இருந்த நேரங்கள் உண்டு. இன்றைய மொழிபெயர்ப்பு நெறி முதலில் விலக்குவது அதைத்தான். தமிழறிந்த ஆளுநர் மனைவி தம் பணியில் குறுக்கிட்டதை மனக்கசப்போடு பதிவுசெய்தார். யார் என்ன சொன்னார், தாம் என்ன விடையளித்தார் என்று 1736 முதல் எழுதிவந்தார். அந்தப் பழக்கமே அவரை இன்றும் விசாரணைக்கு உட்படுத்துகிறது. 1761 ஜனவரி 12-இல் மறைந்தார். நான்கே நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நீதிமன்றக் கூண்டில் நிற்கும், காது கேளாத, வாய் பேச இயலாத சாட்சிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரே துபாசி. வழக்கில் அக்கறையுள்ள உறவினரை அவ்விடத்தில் நிறுத்துவது எளிது; ஆனால் பிழை. பெயர்ப்பாளர் விட்டதையும் சேர்த்ததையும் பிறர் எப்படி அறிவது? அத்தகைய சாட்சியத்தைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்றது 2013-இன் சட்டத் திருத்தம். சைகைமொழி அறிந்த வேறொருவர் அதைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.