துளியின் வளைவில் தொடங்கியவர்

சர் சி. வி. இராமனை நாடு 1928 பிப்ரவரி 28ஆம் நாளோடு சேர்த்தே நினைவுகூர்கிறது. அதற்கு இருபத்தோராண்டு முன்னரே அவர் உள்ளம் ஒரு நீர்மத்துளியின் வளைவில் தோய்ந்திருந்தது.

1888 நவம்பர் 7இல் திருவானைக்காவில் பிறந்தார். ஐம்பூதத் தலங்களுள் அது நீருக்குரியது. 1995 வரை நம் செட்டிகுளமும் அவ்வூரும் ஒரே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. ஆதலின் அவரை நம்மவர் என்று சற்றே உரிமை கொண்டாடலாம். தந்தையார் ஆசிரியப் பணியாற்றிய விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றார். நீர்மங்களின் பரப்பு இழுவிசையை வளைவைக்கொண்டு அளக்கும் முறைபற்றி அவர் எழுதிய கட்டுரை அவ்வாண்டே இலண்டன் பிலாசபிகல் மாகசீனில் வெளிவந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

துளியின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போலச் சுருங்க முயல்கிறது. வளைவு மிகுந்தால் உள்ளழுத்தமும் மிகும். அவ்விரண்டையும் அளந்தால் இழுவிசை தெரிந்துவிடும். அதே துளி ஒரு திண்பொருளின்மேல் அமரும்போது நீர், காற்று, திண்மம் என்னும் மூன்றின் இழுபறியே அதன் வடிவை முடிவு செய்கிறது. விளிம்பில் உண்டாகும் சேர்கோணத்தை 1805இல் தாமஸ் யங் விளக்கினார். தூய கண்ணாடியில் கோணம் சிறுத்து நீர் படர்கிறது. தாமரையிலையின் மெழுகுப் பொடிப்பின்மீதோ முத்தாய்த் திரண்டு நிற்கிறது. பற்றின்மைக்கு உவமையாக நாம் ஆண்டுவரும் அத்துளி, உண்மையில் தன்னைத்தானே இறுகப் பற்றி நிற்பது. கவிஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராக அமர்ந்தவர், காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்ந்தார். 1917இல் மிகுதியான ஊதியத்தை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1925இல் மாணவர் எல். ஏ. இராமதாசுடன் மீண்டும் நீர்மப் பரப்பிற்கே வந்தார். தூய்மையான பரப்பும் அசைவற்றதன்று. மூலக்கூறுகளின் வெப்ப அசைவால் கண்ணுக்குப் புலனாகா நுண்ணலைகள் அதில் எழுந்தவண்ணம் உள்ளன. பரப்பு இழுவிசை அவற்றை அடக்க, அடங்கியதுபோக எஞ்சிய அலைகளால் ஒளி சிதறுகிறது. இராயல் கழக வெளியீட்டில் இவ்வாய்வுகள் தொடர்ந்து வந்தன. மூன்றாண்டில் இராமன் விளைவு வெளிப்பட்டதும் பெரும்பாலும் நீர்மங்களில் ஒளி சிதறுவதை நோக்கியதால்தான். 1930இன் நோபல் பரிசு அம்முந்தைய உழைப்பை மறைத்துவிட்டது. பாடநூல்களில் அதற்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கலாம்.

1970 நவம்பர் 21இல் பெங்களூரில் மறைந்தார். அவர் விருப்பப்படி, தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தின் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது.