சீழை வென்றவர்

சென்ற மாதம் கால்பந்தாட்டத்தில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு விடுதிக்கு வந்தேன். அறைத்தோழர் டெட்டாலால் கழுவியபோது எரிச்சல் தாளாமல் கத்தினேன். அன்றிரவு படித்ததுதான் ஜோசப் லிஸ்டரின் வரலாறு. படித்தபின் கத்தியதற்கு வெட்கப்பட்டேன்.

1827-இல் இங்கிலாந்தில் அப்டன் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். தந்தையார் மது வணிகர். ஆயினும் நுண்ணோக்கியின் வில்லைகளைச் சீர்திருத்திப் புகழ் பெற்றவர். கண்ணுக்குத் தெரியாதவற்றை நம்பும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே வந்தது போலும்!

1861-இல் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார். அந்நாளில் மயக்க மருந்து வந்துவிட்டது, கத்தியின் வலி போயிற்று, சாவு போகவில்லை. அறுவை நன்றாகவே முடியும். சில நாளில் புண் சிவந்து, சீழ் வைத்து, அழுகி, நோயாளி காய்ச்சலில் மடிவார். கெட்ட காற்றுதான் காரணம் என்றனர். சீழ் கட்டுவது நல்ல அறிகுறி என மகிழ்ந்த மருத்துவர்களும் இருந்தனர். 1864, 1866 ஆகிய ஈராண்டுகளில் லிஸ்டரின் பிரிவில் கை கால் எடுக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர்.

பொருள்கள் அழுகுவது நுண்ணுயிர்களால் என்ற பாஸ்டரின் ஆராய்ச்சியை 1865-இல் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன் அவருக்குச் சொன்னார். புண்ணும் அப்படித்தானே என்று லிஸ்டருக்குப் பட்டது. பாஸ்டர் கொதிக்க வைத்துக் கிருமிகளைக் கொன்றார். மனிதன் காலைக் கொதிக்க வைக்க இயலுமா? கார்லைல் நகரில் சாக்கடை நாற்றம் போக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றியது அவர் நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 12. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவன். வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தது. அத்தகைய காலை எடுத்துவிடுவதே வழக்கம். லிஸ்டரோ அமிலத்தில் தோய்த்த துணியை வைத்துக் கட்டி, நான்கு நாள் காத்திருந்தார். அந்த நான்கு இரவுகளை எண்ணினால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அவிழ்த்தபோது சீழ் இல்லை, நாற்றம் இல்லை, அமிலம் தோலைச் சற்றுப் பொசுக்கியிருந்தது, அவ்வளவே. ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. பையன் இரு கால்களோடும் வீடு திரும்பினான்.

1867-இல் லான்செட் இதழில் இதை எழுதினார். நம்பாதவர் பலர். அவ்வாண்டு முதல் 1869 வரை அவர் பிரிவில் உறுப்பு நீக்கப்பட்ட 40 பேரில் இறந்தவர் 6 பேரே.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. காற்றில் அமிலம் தூவும் கருவியைப் பல்லாண்டு வற்புறுத்தி வந்தார். காற்றைவிடக் கைகளும் கருவிகளுமே பெருங்கேடு எனத் தெளிந்ததும், 1890-இல் பெர்லின் மாநாட்டில் அதற்காக நாணுவதாகவே ஒப்புக்கொண்டார். எத்தனை பேராசிரியர்கள் இப்படிச் செய்வார்கள்?

1912-இல் மறைந்தார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் வழிபாடு நடந்தது. உடலோ, ஆய்வுக் குறிப்புகளை அவர் சொல்லச் சொல்ல எழுதித் தந்த மனைவி ஆக்னஸின் கல்லறை அருகே, ஹாம்ஸ்டெட்டில் அடக்கமாயிற்று.