தமனியைத் தைத்தவர்

காசநோய் நுரையீரலைத்தான் தாக்கும் என்று எண்ணியிருந்தேன். எழுபது வயதான, கூலி வேலை செய்து வாழ்ந்த என் உறவினர் ஒருவருக்கு அக்கிருமி முதுகெலும்பிலிருந்து பரவி, அதை ஒட்டிச் செல்லும் பெருந்தமனியின் சுவரை அரித்துவிட்டது. அரிபட்ட இடம் வீங்கி, எந்நேரமும் வெடிக்கலாம் என்ற நிலை. மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, நைந்த சுவரைச் சீராக்காது. ஆகவே, காசநோய் மருந்துகளோடு அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. பழுதுற்ற பகுதியை நீக்கிச் செயற்கைக் குழாயை வைத்துத் தைத்தார்கள். அவர் பிழைத்தார்.

அந்தத் தையலின் வரலாற்றைத் தேடியபோதுதான் அலெக்ஸிஸ் காரெலை அறிந்தேன்.

பிரான்ஸின் லியோன் நகரை அடுத்த சிற்றூரில் 1873-இல் பிறந்தவர் அவர். 1894-இல் லியோனில் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். அறுபட்ட பெருஞ்சிரையைத் தைத்து மூடும் வழி அறியாமல் மருத்துவர்கள் அவரைப் பறிகொடுத்தனர். அந்த இயலாமை இளம் காரெலை உறுத்தியது. பூத்தையல் கலைஞரான பெண்ணொருவரிடம் நுண்ணிய ஊசியைக் கையாளக் கற்றார். குருதிக்குழாயின் வாயை மூன்று தையல்களால் இழுத்து முக்கோணமாக்கி, ஒவ்வொரு பக்கமாகத் தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று ஆய்வைத் தொடர்ந்தார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். 1951-இல் பாரிஸில், வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தை அகற்றி, இறந்தவரின் தமனியை அங்கே பொருத்தும் அறுவை வெற்றி பெற்றது. அதற்கான அடித்தளம் காரெல் இட்டதே.

ஆனால், அதே காரெல் 1935-இல் எழுதிய நூலில், கொடுங்குற்றவாளிகளை நச்சுவாயுவால் அகற்றலாம் என்று பரிந்துரைத்தார். தகுதியானோர், தகுதியற்றோர் என மனிதரைப் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தார். நாஜிகளுக்கு இணங்கிய விஷி அரசின்கீழ் ஓர் ஆய்வு அமைப்புக்குத் தலைமை வகித்தார். பாரிஸ் விடுதலை பெற்ற சில மாதங்களில், 1944 நவம்பரில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய லியோன் மருத்துவக் கல்விப் புலத்துக்கு 1996-இல் லெனெக்கின் பெயர் சூட்டப்பட்டது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்து, காசநோயை ஆராய்ந்து, காசநோய்க்கே பலியானவர் லெனெக்.

அந்தப் பெயர் மாற்றம் சரியே என்பது என் கருத்து. தகுதி பார்த்துத்தான் உயிர் காப்பது என்றால், முதுமையும் வறுமையும் ஒருங்கே வாய்த்த என் உறவினருக்கு அறுவை மேசையில் இடம் கிடைத்திருக்குமா? காரெலின் தையல் இன்று அவர் உடலுக்குள் இருக்கிறது. அதற்காக நன்றி கூறுவேன். அவர் கொள்கையை மன்னிக்க மாட்டேன்.