கரோலின் தாயார்

சீனக் குடியானவர்களின் வாழ்க்கையை நாவலாக எழுதி, 1938-ல் நோபல் பரிசும் பெற்ற பெர்ல் பக் அம்மையாரின் பெயரை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் யாருக்காக அவ்வளவு மும்முரமாய் எழுதினார் என்பது அவ்வளவாகத் தெரியாத சங்கதி.

1892-ல் அமெரிக்காவில் பிறந்தவர் அவர். தகப்பனார் பிராட்டஸ்டண்டு போதகர். ஆகையால் சீனாவில் வளர்ந்தார். 1920-ல் கரோல் பிறந்தாள். அழகான குழந்தை. பேசவேண்டிய பருவத்தில்தான் பேச்சு வரவில்லை. தாயார் வைத்தியர் வைத்தியராக அலைந்தார். எல்லோரும் நம்பிக்கை சொல்லி அனுப்பிவிட்டார்கள். மின்னசோட்டாவில் ஒரு டாக்டர் மட்டும், இவள் புத்தி வளராது என்று உள்ளதைச் சொன்னார். அது கொடுமையல்ல, உபகாரம் என்றே அம்மையார் பிற்பாடு எண்ணினார்.

தமக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்? உங்களில் சிலருடைய இராத்தூக்கத்தையும் இக்கேள்வி கெடுத்திருக்கும். 1929-ல், ஒன்பது வயது மகளை நியூ ஜெர்சியில் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். முதல் ஒரு மாதம் தாயார் வந்து பார்க்கக்கூடாது என்பது அங்கே விதி. கட்டணத்துக்குக் கடன் வாங்கினார். சீனா திரும்பி எழுத உட்கார்ந்தார். 1931-ல் 'தி குட் எர்த்' வெளிவந்தது. அதில் வரும் குடியானவனின் பேச்சற்ற மகளைப் படிக்கையில் கரோலை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததும் பள்ளி வளாகத்திலேயே கரோலுக்கும் அவள் தோழிகளுக்கும் ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். அவளுக்குச் சங்கீதம் என்றால் உயிர். இசைத்தட்டுகளைக் கேட்டபடியே இருப்பாள். தாயார் போய்ப் பார்த்துவருவார். ஆனால் வெளியுலகத்துக்கு இருபது வருஷம் மூச்சுவிடவில்லை. குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அண்ணனை உள்ளறையில் உட்காரவைக்கும் வீடுகள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இல்லையா?

1950-ல் அம்மையார் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார். இதே கவலையுள்ள பெற்றோரின் கடிதங்கள் வந்து குவிந்தன. மூன்று வருஷம் கழித்து, 1953-ல், நம் சென்னையிலும் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் இத்தகைய குழந்தைகளுக்காகப் பால விஹாரைத் தொடங்கினார்.

கரோலுக்கு இருந்தது பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் கோளாறு. உணவிலுள்ள புரதத்தின் ஒரு கூறு உடலில் சிதைவுறாமல் இரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுத்துவிடும். கவனியாமல் விட்டால் ஆட்டிசத்தின் குணங்களும் காணப்படுவதுண்டு. நார்வே டாக்டர் ஃபோலிங் இதைக் கண்டுபிடித்தது 1934-ல். அப்போது கரோலுக்குப் பதினான்கு வயது. இன்று பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தே கண்டுகொள்ளலாம். உடனே பத்திய உணவு கொடுத்தால் புத்தி கெடாது.

பெர்ல் பக் 1973-ல் காலமானார். கரோல் வைன்லாந்திலேயே இன்னும் 19 வருஷம் இருந்து, 1992-ல், தன் 72-ம் வயதில் இறந்தாள். அடக்கமும் அங்கேயே.