ஓவியர் இரவிவர்மா

செட்டிநாட்டுக் கொத்தமங்கலம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில், கண்ணாடிச் சட்டமிட்ட தெய்வப் படங்கள் வரிசையாகத் தொங்குவதுண்டு. பாறைமீது அமர்ந்து வீணை மீட்டும் கலைமகளை அவற்றிடையே காணலாம். கையில் சுவடியும் மணிமாலையும் விளங்கும். அருகே மயில் நிற்கும். அப்படத்தின் மூலத்தை 1896இல் தீட்டியவர் இரவிவர்மா.

கல்வியைப் பெண்ணுருவில் காணும் வழக்கம் நமக்கே உரியதன்று. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இலக்கணம், சொல்வன்மை, அளவை, எண், வடிவக்கணிதம், இசை, வானநூல் என்னும் ஏழு கலைகளையும் ஏழு மங்கையராக உருவகித்துச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டனர். வடிவக்கணித நங்கையின் கையில் கவராயம் இருக்கும். நம் நாட்டிலோ கலையனைத்தும் ஒரே அன்னையாயின.

இரவிவர்மா 1848இல் திருவிதாங்கூரைச் சார்ந்த கிளிமானூரில் பிறந்தார். இளமையில் கரித்துண்டால் வீட்டுச் சுவரெங்கும் படம் எழுதினார். தாய்மாமன் வெகுளவில்லை, 1862இல் அவரைத் திருவனந்தபுரத்து அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். எண்ணெய்வண்ண ஓவியம் கற்க அங்கே அவர் பெரிதும் விழைந்தார். அரண்மனை ஓவியராகிய இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து சில நுட்பங்களைக் காட்டினார் என்பர். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தாம் தீட்டுவதைப் பார்க்க இசைந்தாரேயன்றிக் கற்பிக்க இசைந்திலர். ஆசிரியத் தொழில் பூண்ட எம்மனோர்க்கு இஃது இன்றும் நாணம் தருவதே. கண்டதைக் கொண்டே பயின்ற அவ்விளைஞர், 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றார்.

மன்னர் பலர் அவரை அழைத்தனர். எனினும் அவர்தம் ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களிலேயே தங்கின. அவற்றை அச்சிட்டு மக்களுக்கு வழங்குமாறு, முன்னர்த் திவானாக விளங்கிய மாதவராவ் அறிவுறுத்தினார். அவ்வாறே, 1894இல் தம்பி இராஜராஜவர்மாவுடன் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். பொறிகளும் தொழில்வல்லுநரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். வண்ணம் ஒவ்வொன்றிற்கும் தனிக் கல் வேண்டும். ஒரே தாளைக் கல்தோறும் மாற்றிமாற்றி அழுத்த வேண்டும். மயிரிழை பிசகினும் கலைமகளின் முகம் கெட்டுவிடும்.

அந்நாளில் கோயிலுள் புகவொட்டாது தடுக்கப்பட்டோர் பலர். திருவிதாங்கூரில் அத்தடை 1936இல்தான் நீங்கிற்று. அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்பே, கோயில் காணாதவர் குடிலிலும் தெய்வம் எழுந்தருள இப்படங்கள் வழிசெய்தன.

அச்சுக்கூடத்தால் அவருக்கு ஊதியம் விளையவில்லை. பம்பாயில் கொள்ளைநோய் பரவிற்று, கடனும் பெருகிற்று. லோனாவலாவிற்கு அருகில் அதனை மாற்றியும் பயனின்றி, ஜெர்மானிய வல்லுநர் ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார். 1905இல் தம்பி மறைந்தார். இரவிவர்மா 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் கிளிமானூரில் உயிர்நீத்தார். கைமாறிய அச்சுக்கூடத்திலிருந்து அவருடைய படங்கள் அதன்பின்னும் நெடுங்காலம் வெளிவந்தன.