செடிகளுக்கு இலக்கமிட்ட அறிஞர்

போர்க்களத்திலே மூர்ச்சித்து வீழ்ந்த இலக்குவனை எழுப்பும் பொருட்டு மருந்து கொணரச் சென்ற அனுமான், வேண்டிய பச்சிலை இதுவென்று தெளியமாட்டாது மலையையே பெயர்த்து வந்தான் என்பர். அம்மலையின் ஒரு துண்டு வழியில் வீழ்ந்த இடமே நுவரெலியாவை அடுத்த ஹக்கலைக் குன்று என்பது மக்கள் வழக்கு. அக்குன்றின் அடிவாரத்திலே, சீதையம்மன் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், அரசினர் தாவரத் தோட்டம் ஒன்று உளது. மூலிகையை இனங்காண இயலாத இடர்ப்பாட்டை நினைவூட்டும் மலையின் அடியிலே, மரஞ்செடிகள் பெயர்ச்சீட்டுத் தாங்கி நிற்கும் தோட்டம் அமைந்தமை பொருத்தமன்றோ? அத்தோட்டம் 1861ஆம் ஆண்டிலே தோன்றக் காரணராயிருந்தவர் ஜோர்ஜ் ஹென்றி கெண்றிக் துவெயிற்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் வரலாறு நம் மாணாக்கர் அறியற்பாலது.

துவெயிற்ஸ் இங்கிலாந்திலே பிரிஸ்டல் நகரிற் பிறந்தவர். கணக்கெழுதும் தொழிலிலே வாழ்க்கையைத் தொடங்கியவர். தொழில் ஒழிந்த வேளைகளில் நுணுக்குக்காட்டியும் கையுமாய் இருந்து, கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்களை ஆராய்ந்தார். தயற்றம் என்னும் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று கூடி இனம்பெருக்கும் முறையை 1847ஆம் ஆண்டளவில் வெளியிட்டு, அவை விலங்கினத்தைச் சார்ந்தன அல்ல, பாசியினத்தைச் சார்ந்தனவே என்னும் கொள்கைக்கு வலிவூட்டினார். 1849ஆம் ஆண்டிலே பேராதனைத் தோட்டத்தின் தலைவர் கார்டினர் நுவரெலியாவிலே திடீரெனக் காலஞ்சென்றார். அவ்விடம் துவெயிற்ஸுக்குக் கிடைத்தது. அன்று தொட்டு 1880ஆம் ஆண்டு வரை அப்பதவியை அவர் வகித்தார்.

அவர் வந்த காலத்திலே இலங்கைத் தாவரங்கள் பற்றிய அறிவு சிதறிக் கிடந்தது. பேராதனைத் தோட்டத்தை நிறுவிய மூன் என்பார் 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணை ஒன்று இருந்தது. கார்டினர் சேர்த்துவைத்த உலர்ந்த செடிகளும் இருந்தன. துவெயிற்ஸ் இவற்றையும், தாமும் தம் உதவியாளரும் காடும் மலையும் திரிந்து திரட்டியவற்றையும் ஒருங்கு வைத்து, ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இலக்கமிட்டார். இலங்கைத் தாவரம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளாகிய சி. பி. என்பனவற்றை முன்னே கொண்ட அவ்விலக்கங்கள் ஏறத்தாழ நாலாயிரம் வரை சென்றன. ஒரே இலக்கமுடைய படிகள் அயல்நாட்டுத் தாவர நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. இதனால் பேராதனையில் இருப்பவரும் இலண்டனில் இருப்பவரும் ஓர் எண்ணைச் சொல்லி ஒரே செடியைப் பற்றி உரையாடல் இயன்றது. இவ்வுழைப்பின் பயனாய், இளைய ஹூக்கரின் துணையோடு, இலங்கைத் தாவரங்களின் தொகுப்பு நூல் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1865ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் கழகம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றுப் பெருமைப்படுத்தியது.

ஹக்கலைத் தோட்டம் சின்கோனா மரத்தின் பொருட்டே தொடங்கப்பட்டது. குளிர்காய்ச்சலைத் தீர்க்கும் கொயினா மருந்து அம்மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழி நடந்து மலைநாட்டை அடைந்த நம் தொழிலாளரிற் பலரைக் காய்ச்சல் கொண்டுபோன காலம் அது. ஆயின் சின்கோனாவில் இனங்கள் பல. செம்பட்டை மரம் செழித்து வளரும். அதிற் கொயினாச் சத்துக் குறைவு. சத்து மிக்க இனங்களோ வளர்த்தற்கு அரியன. போதாக்குறைக்கு அவை தம்முட் கலந்து கலப்பினங்களையும் தோற்றுவிக்கும். இலையைப் பார்த்துச் சத்தை அளந்தறிதல் இயலாது. நாற்றுமேடையிலே ஒரு சீட்டுத் தவறினால், பல்லாண்டு வளர்த்து உரித்த பட்டை மருந்துக்கு உதவாது போகும். பெயர்ச்சீட்டு அங்கே அலங்காரமன்று. நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

தொடக்கத்திலே தோட்டத்துரைமார் சின்கோனாவைப் பொருட்படுத்தவில்லை. 1869ஆம் ஆண்டிலே கோப்பியிலையைச் செம்புள்ளி நோய் பற்றியது. துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்தே இங்கிலாந்து அறிஞர் அந்நோய்க் காளானுக்குப் பெயரிட்டனர். கோப்பி அழிந்தபின் பலர் சின்கோனாவை நாடினர்; அதன் விலையும் வீழ்ந்தபோது தேயிலை மலைகளை மூடியது.

துவெயிற்ஸின் முறையில் ஒரு குறையும் இருந்தது. அவர் இலக்கம் இனத்துக்கு உரியதேயன்றிப் பறித்த கொத்துக்கு உரியதன்று. வெவ்வேறு மலைகளில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகள் பறித்தவை ஓரெண்ணின் கீழ் அடங்கின. அயல்நாடுகளுக்குச் சென்ற படிகள் பலவற்றிலே பறித்த இடமும் நாளும் இல்லை. வரவுப் பதிவேட்டில் ஓரிலக்கத்தின் கீழ் இரு மாணாக்கரை எழுதிவிட்ட ஆசிரியனின் இடர்ப்பாட்டைப் பின்வந்த ஆய்வாளர் எய்தினர். எனினும் அவருக்குப் பின் வந்த திறைமன், 1893ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த தம் பெருநூலில் அவ்விலக்கங்களையே எடுத்தாண்டார். குறையுடைய பதிவேயாயினும் பதிவின்மையினும் அது நன்றென்பது இதனாற் போதரும்.

1880ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற துவெயிற்ஸ் தாய்நாடு திரும்பாது கண்டியிலே தங்கி, 1882ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். மணஞ்செய்து கொள்ளாத அவர் பெயரைத் தாங்க மைந்தர் இலர். மலைக்காட்டு மரங்களிற் படர்ந்து பூக்கும் அழகிய கொடியொன்று அவர் பெயரின் நடுவட் சொல்லாற் கெண்றிக்கியா என வழங்குகின்றது.

இன்றும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த தேயிலை வகைகள் 2023, 2025 என இலக்கங்களாலேயே அறியப்படுகின்றன. ஒரு தாய்ச்செடியின் கிளையிலிருந்து வெட்டிய துண்டங்களே அவ்வகையின் செடிகளாய்ப் பெருகுகின்றன. நாற்றுமேடையில் நடப்பட்ட அச்சிறு பலகையை நாட்டியவர் யாரென எவரும் கேட்பதில்லை. மாணாக்கர்காள்! நீவிர் ஒரு விதையை ஊன்றும்போது அதன் பெயரோடு, பெற்ற இடத்தையும் ஊன்றிய நாளையும் எழுதிவைப்பீராக. பின்வருவோர் ஓரிலையைத் தேடி மலையைச் சுமக்க வேண்டா.