பணிக்கர் கண்ட பொருளியல்

ஓர் ஓவியத்தின் மதிப்பை இன்று காட்சிக்கூடங்களும் ஏல நிறுவனங்களும் பன்னாட்டுக் கண்காட்சிகளுமே பெரிதும் முடிவு செய்கின்றன. அதை வரைந்தவருக்கு அதில் பங்கு குறைவு. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த ஏற்றத்தாழ்வுக்குச் சென்னையிலேயே ஒரு மாற்றுக் கண்டவராக கே.சி.எஸ். பணிக்கரைக் கருதுகிறேன்.

1911-இல் கோவையில் பிறந்த பணிக்கர், தந்தித் துறையில் பணியாற்றிவிட்டு, 1936-இல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-இல் அவருடைய ஓவியங்கள் லண்டனிலும் பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. மேலை உலகின் அங்கீகாரம் அவரை மேலை நகலாக்கவில்லை. 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் மலையாள எழுத்துகளையும் ஜாதகக் கட்டங்களையும் ஓவியமொழியாக்கினார்.

1957-இல் அப்பள்ளியின் முதல்வரானவர், படிப்பு முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டார். அரசு மானியத்தை எதிர்பார்க்காமல், பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்க வழிகாட்டினார். அந்த வருவாயில் அடையாற்றுக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கலைஞர்கள் நிறுவினர். கைவினை வயிற்றைக் கவனித்தது. ஓவியம் சந்தைக்குப் பணியாமல் வளர்ந்தது.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. பன்னாட்டுக் கண்காட்சிகளின் அழைப்புக்குக் காத்திருக்கும் இளம் கலைஞர்களுக்கு முதலில் தேவைப்படுவது, அழைப்பு வராவிட்டாலும் தொடர்ந்து வரைய உதவும் வாழ்வாதாரம். நம் கலைக் கல்லூரிகள் அதையும் கற்பிக்க வேண்டும்.